தேயிலைப் பெட்டியின் புன்னகை யாருக்காக?

ஒவ்வொரு விளம்பரப் படமும் யாரோ ஒருவரை நோக்கிப் பேசுகின்றது. யாரை நோக்கிப் பேசுகின்றது, அவரிடம் எதைச் சொல்கின்றது, எதைச் சொல்லாது மறைக்கின்றது என்னும் மூன்று கேள்விகளையும் கேளாமல், ஒரு படத்தை அழகியது என்றோ அழகற்றது என்றோ தீர்ப்புக் கூறிவிடுவது நமது இரசனைக்கு மட்டுமன்று, நமது அறிவுக்கும் இழுக்காகும். இலக்கியம் யாருக்காக என்ற கேள்வியை முற்போக்கு இலக்கிய உலகம் நெடுங்காலமாகக் கேட்டு வந்திருக்கின்றது. கவிதையும் கதையும் நாடகமும் அந்த உரைகல்லில் உரைக்கப்பட்டுவிட்டன. ஆனால் நாளொன்றுக்கு நூறு தடவை மக்களின் கண்ணில் படுகின்ற விளம்பரப் படத்தை அந்த உரைகல்லின் அருகே கொண்டு வருவோர் மிகச் சிலரே. அதைச் செய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு நாம் தொலைவில் போய் உதாரணம் தேட வேண்டியதில்லை. நமது நாட்டின் பெயரைத் தாங்கி உலகெங்கும் போகின்ற தேயிலைப் பெட்டி ஒன்றே போதும்.

அந்தப் பெட்டியின் மேலுள்ள படத்தை யாவரும் அறிவர். பச்சை மலைச் சரிவு, பின்னணியில் மூடுபனி, முன்னால் ஒரு பெண். முதுகில் கூடை, நெற்றியில் பொட்டு, மூக்கில் மூக்குத்தி, பளிச்சிடும் நிறத்தில் சேலை. விரல் நுனியில் இரண்டு இலையும் ஒரு மொட்டும். உதட்டில் ஒரு புன்னகை. நிறுவனங்கள் மாறியிருக்கின்றன, ஆட்சிகள் மாறியிருக்கின்றன, தோட்டங்கள் வெள்ளையரிடமிருந்து அரசுக்கும் அரசிடமிருந்து மீண்டும் கம்பனிகளுக்கும் கைமாறியிருக்கின்றன. நூறு ஆண்டுகளுக்கு மேலாக மாறாதிருப்பது அந்தப் புன்னகை ஒன்றுதான். ஆகவே அது யாருக்காகப் பூத்த புன்னகை என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

ஆயின், இந்தப் படத்துக்கு முன்பே தோட்டத்துக்காக ஒரு விளம்பரம் செய்யப்பட்டது. அதற்குக் காகிதமும் இல்லை, வர்ணமும் இல்லை. தமிழ்நாட்டுக் கிராமங்களில் கங்காணிமார் வாயால் தீட்டிய படம் அது. இலங்கையில் தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்பதே அவர்களது ஆசை வார்த்தை என்று மலையக மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகின்றனர். இதைக் கேட்டுச் சிரிப்பவர் உண்டு. அவர்கள் அந்த வார்த்தை யாரிடம் சொல்லப்பட்டது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பெரும் பஞ்சத்தை நினைவில் கொள்ள வேண்டும். கடனும் சாதிக் கொடுமையும் நிலமின்மையும் நெருக்கிய உழைப்பாளியிடம் தங்கமும் மாளிகையும் தருவதாகச் சொன்னால் அவன் நம்பான். குழம்புக்கு ஒரு தேங்காயும் ஒரு துண்டு மாசியும் என்றால் நம்புவான். அவனது வயிற்றை அளந்து பார்த்துத்தான் அந்தப் படம் தீட்டப்பட்டது. கேட்பவனுக்கு எது இல்லையோ அதைக் காட்டு என்பது இன்றைய விளம்பரக் கலையின் முதற்பாடம். கங்காணி அதை எந்தக் கல்லூரியிலும் படிக்காமலே அறிந்திருந்தான்.

பின்னர் அது ஒழுங்குபடுத்தப்பட்ட தொழிலாகவே ஆயிற்று. 1904இல் தோட்டத் துரைமார் திருச்சிராப்பள்ளியைத் தலைமையிடமாகக் கொண்டு இலங்கைத் தொழிலாளர் ஆணையகத்தை நிறுவினர். ஆள் சேர்ப்பதும் அதற்கான பிரசாரமும் ஆணையகத்தின் பணியாயின. அந்நாளில் கடல் கடந்து வந்தவருக்கு ஒரு தகர வில்லை கொடுக்கப்பட்டது. எந்தத் தோட்டத்துக்கு உரியவர் என்பதைக் காட்டும் குறி அதில் பொறிக்கப்பட்டிருந்தது. சரக்குப் பொதிக்கு முத்திரை இடுவது வழக்கம். இங்கோ முத்திரை மனிதருக்கு இடப்பட்டது. அந்த மனிதர் பறித்த இலைக்கு இடப்பட்ட முத்திரையில் அதே மனிதரின் முகம் அழகுப் பொருளாக அச்சாயிற்று. ஒரே முதலாளித்துவம் ஒரே மனிதரைக் குறித்து இரண்டு சித்திரங்களை உண்டாக்கியது. கிராமத்தை நோக்கிய சித்திரத்தில் தோட்டம் ஒரு சோற்றுப் பானை. இலண்டனை நோக்கிய சித்திரத்தில் தோட்டம் ஒரு பூங்காவனம்.

இலண்டனை நோக்கிய படத்தின் கதையைப் பார்ப்போம். 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைப் பயிரிட்டார். 1869இல் கோப்பியில் இலை நோய் தோன்றி, அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பித் தோட்டங்கள் அழிந்தன. அவற்றின் இடத்தைத் தேயிலை பிடித்தது. ஆனால் ஆங்கிலேயன் அதுவரை குடித்தது சீனத் தேயிலை. அவனைத் திருப்ப வேண்டுமாயின் சீனத் தேயிலைமீது அருவருப்பை ஊட்ட வேண்டும். சீனத் தேயிலை கையாலும் காலாலும் மிதித்துச் செய்யப்படுவது, கலப்படமானது. நமது சாம்ராச்சியத் தேயிலையோ இயந்திரத்தால் செய்யப்படும் தூய சரக்கு என்ற பிரசாரம் அவிழ்த்துவிடப்பட்டது. இனவெறுப்பும் சுகாதாரமும் ஒரே கோப்பையில் கலந்து பரிமாறப்பட்டன.

1890இல் தோமஸ் லிப்டன் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கினார். தேயிலைத் தோட்டத்திலிருந்து நேரே தேநீர்க் கெண்டிக்கு என்பது அவரது வியாபார வாசகம். இந்த வாசகத்தில் உயிரான சொல் 'நேரே' என்பதாகும். இடைத்தரகன் இல்லை, ஆதலால் விலை மலிவு என்பது அதன் வெளிப்பொருள். ஆனால் அந்தச் சொல் செய்த வேலை அதனினும் பெரிது. தோட்டத்துக்கும் கெண்டிக்கும் இடையில் நிற்கின்ற அனைத்தையும் அது துடைத்து எறிந்தது. கங்காணியின் கடன் கணக்கு இல்லை, துரையின் பிரம்பு இல்லை, பெரட்டுக்களம் இல்லை, ஸ்டோரின் தூசி இல்லை, ஏல மண்டபமும் பங்குதாரரின் இலாபமும் இல்லை. கூடை சுமந்த தமிழ்ப் பெண் ஒருத்தி மட்டும் நின்று, ஆங்கிலேய இல்லத்தரசியின் கையில் தானே கோப்பையைக் கொடுப்பது போன்ற மயக்கம் உண்டாயிற்று. சுரண்டல் ஒரு விருந்தோம்பலாக வேடம் புனைந்தது.

இதிலே ஏன் பெண்? கொழுந்து பறிப்போர் பெரும்பாலும் பெண்கள் என்பது உண்மை; ஆனால் அது முழு விடையாகாது. கவ்வாத்து வெட்டும் ஆணும், மருந்து தெளிப்பவனும், ஸ்டோரில் இரவு முழுதும் கண் விழிப்பவனும் தேயிலையை உண்டாக்குவோரே. அவர்கள் பெட்டியில் ஏறவில்லை. கடையில் தேயிலை வாங்குகின்றவள் இல்லத்தரசி. அவளது மேசைக்கு வருவது மென்மையான கையால் தொடப்பட்டது என்று அவள் நம்ப வேண்டும். கத்தி பிடித்த ஆண் அச்சம் தருவான். கூடை தாங்கிய பெண் அமைதி தருவாள். ஆகவே தொழிலாளியைக் காட்டுவதற்காக அன்று, வாங்குகின்றவளின் மனத்தைத் தடவிக் கொடுப்பதற்காகவே அந்தப் பெண் தெரிவு செய்யப்பட்டாள்.

அந்தப் படத்திலே இல்லாதவற்றை எண்ணிப் பாருங்கள். இடுப்பில் கட்டும் படங்கு இல்லை. மழை இல்லை, மழை வந்தால் காலேறும் அட்டை இல்லை. இலைச் சாறு கறுப்பாய்ப் படிந்து வெடித்த விரல் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, தராசு இல்லை. தோட்டத்துப் பெண்ணின் நாளை ஆளுவது மலையும் அன்று, பனியும் அன்று, தராசே ஆகும். கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் கிலோக்கள் கழிக்கப்படுகின்றன. நிர்ணயித்த அளவு குறைந்தால் முழுப் பேர் அரைப் பேராகின்றது. ஒரு குடும்பத்தின் அன்றைய உணவு அந்த முள்ளின் அசைவிலே தொங்குகின்றது. இத்தனை முக்கியமான ஒரு கருவி நூறாண்டு காலத் தேயிலை விளம்பரங்களில் இடம் பெறாதது தற்செயலா? தராசைக் காட்டினால் பார்ப்பவனுக்குக் கூலி நினைவுக்கு வரும். கூலி நினைவுக்கு வந்தால் தேநீர் கசக்கும்.

இனி, நாம் வாழும் சப்ரகமுவைக்கு வருவோம். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டத்து மக்களுக்கு இந்தப் பொய்ப் புன்னகையில்கூடப் பங்கில்லை. தேயிலை என்றதும் விளம்பரக்காரன் நுவரெலியாவுக்கும் அப்புத்தளைக்கும் ஓடுகின்றான். அங்கேதான் பனி உண்டு, பங்களா உண்டு, நீர்வீழ்ச்சி உண்டு. ஆனால் இலங்கையின் தேயிலையில் பாதிக்கு மேற்பட்ட பங்கு மலை உச்சியில் விளைவதன்று. சப்ரகமுவையிலும் தெற்கிலும் உள்ள தாழ்நிலத்தில் விளைவது. மத்திய கிழக்கிலும் துருக்கியிலும் ரஷ்யாவிலும் விரும்பிக் குடிக்கப்படும் கடுஞ்சாயத் தேயிலை இந்த வெக்கையில், இந்த அடைமழையில் விளைகின்றது. அந்தப் பொதிகளின் மேலும் பெரும்பாலும் பனி மூடிய மலையே அச்சாகின்றது. பலாங்கொடை, இறக்குவானை, காவத்தை, தெரணியகலைத் தொழிலாளியின் வியர்வை, தன்னுடையதல்லாத ஒரு மலையின் படத்துக்குள் ஒளித்து வைக்கப்படுகின்றது.

ஒளித்து வைக்கப்படுபவன் தமிழ்த் தொழிலாளி மட்டும் அல்லன். நாட்டின் தேயிலையில் பாதிக்கும் மிகுந்த பங்கை இன்று சிற்றுடைமையாளர் விளைவிக்கின்றனர். சப்ரகமுவையில் அவர்களிற் பெரும்பாலோர் சிங்கள விவசாயிகள். காலையில் குடும்பத்தோடு பறித்த பச்சைக் கொழுந்தைச் சாக்கில் கட்டி வீதியோரத்தில் வைத்துக்கொண்டு, தொழிற்சாலை வண்டிக்காகக் காத்து நிற்கும் அந்த விவசாயியின் படத்தை எந்தத் தேயிலைப் பெட்டியில் காண முடியும்? அவன் விலை பேச இயலாதவன்; அவளோ கூலி பேச இயலாதவள். இருவரும் ஒரே இலையால் வாழ்கின்றனர். ஒரே சந்தையால் வஞ்சிக்கப்படுகின்றனர். ஆனால் ஒருவரை ஒருவர் அந்நியராகப் பார்க்கப் பழக்கப்படுத்தப்பட்டிருக்கின்றனர். பக்கத்து லயத்து மக்களைப் பற்றி அக்கிராமத்துக்குக் கிடைத்த சித்திரமும் உண்மையான சித்திரமன்று. அரசியல்வாதி தீட்டிய சித்திரமே. அந்நியர், கள்ளத்தோணி, நிலம் பறித்தோர் என்ற சித்திரத்துக்கு அச்சகம் தேவைப்படவில்லை, மேடை போதுமானதாயிருந்தது. அதன் விளைவு என்ன? 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் லயங்கள் எரிந்தன. 1977இலும் அதன் பின்னரும் சப்ரகமுவையை விட்டு வன்னிக்கு அகதிகளாய் ஓடியோர் பலர். சொல்லால் தீட்டிய படமும் தீ வைக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இங்கே இன்னொரு பயிரையும் நோக்க வேண்டும். கேகாலையும் இரத்தினபுரியும் றப்பர் மாவட்டங்கள். எட்டியாந்தோட்டையிலும் தெஹியோவிற்றவிலும் புளத்கொஹுபிட்டியவிலும் விடியும் முன்னரே பால்வெட்டுக் கத்தியோடு புறப்படும் ஆணும் பெண்ணும் ஆயிரக்கணக்கானோர். மரத்துக்கு மரம் ஓடிப் பட்டையைச் சீவி, சிரட்டையில் வடியும் பாலை வாளியில் சேர்த்துச் சுமக்கின்றனர். மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையேல் பேரும் இல்லை. 1952இல் சீனாவோடு செய்த றப்பர் - அரிசி ஒப்பந்தம் இந்த நாட்டுக்குச் சோறு போட்டது. அந்தச் சோற்றுக்குப் பால் வெட்டியவர் இவர்களே. இவர்களில் ஒருவரின் முகமேனும் உலகத்தின் எந்த மோட்டார்ச் சக்கர விளம்பரத்திலாவது வந்ததுண்டா? 1898இல் பிரெஞ்சுச் சுவரொட்டி ஒன்றில் மிஷெலின் நிறுவனத்தின் சக்கர மனிதன் தோன்றினான். சக்கரங்களை அடுக்கிச் செய்த கொழுத்த உருவம். கையில் கிண்ணம் ஏந்தி விருந்து மேசையில் நிற்கின்றான். றப்பருக்கு முகம் தேவைப்பட்டபோது, முதலாளித்துவம் இல்லாத ஒரு மனிதனைப் படைத்துக்கொண்டதே அன்றி, இருக்கின்ற மனிதனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

தேயிலைக்காரிக்குப் படம் உண்டு, பால்வெட்டுக்காரிக்கு ஏன் இல்லை? இந்த ஒரு கேள்வி விளம்பரத்தின் இரகசியம் முழுவதையும் வெளியே இழுத்து விடுகின்றது. தேயிலையை வாங்குவது வீடு; அது உதட்டில் படுகின்ற பொருள்; அதை ஆக்கிய கையைப் பற்றி வாங்குபவருக்கு ஓர் ஐயம் இருக்கும். அந்த ஐயத்தைத் தீர்க்க ஒரு சிரித்த முகம் வேண்டும். றப்பரை வாங்குவது தொழிற்சாலை. தரமும் விலையும் பேசினால் போதும். ஆகவே அங்கே முகம் வேண்டியதில்லை. தொழிலாளியின் மேலுள்ள மதிப்பினால் அவளது படம் பெட்டியில் ஏறியது என்று பெருமை பேசுவோருக்கு றப்பர்த் தோட்டமே பதில். மதிப்பினால் என்றால் இருவருக்கும் ஏறியிருக்க வேண்டும்.

கலைஞர்களும் இந்தப் பணிக்கு அழைக்கப்பட்டனர். 1932இல் இலங்கைத் தேயிலைப் பிரசார சபை நிறுவப்பட்டது. அதன் பொருளுதவியால் 1934இல் பசில் றைட் நெறிப்படுத்திய 'இலங்கையின் பாட்டு' என்னும் ஆவணப் படம் வெளிவந்தது. அதற்குக் குரல் கொடுத்தவர் நமது லயனல் வென்ட். சிவனொளிபாத மலைக்கு ஏறும் அடியவர் கூட்டத்தை அது காட்டுகின்றது. 17ஆம் நூற்றாண்டில் கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸின் வாசகங்களை அது ஒலிக்கின்றது. அந்தப் படத்தின் கலை உயர்வை நாம் மறுக்கவில்லை. வியாபாரத்தின் குரல்கள் கிராமத்தின் மேல் கவிவதை அது ஓரளவு விமரிசன நோக்கோடு காட்டியது என்பதையும் ஒப்புக்கொள்கின்றோம். ஆனால் தேயிலைப் பணத்தால் எடுத்த அந்தப் படத்துக்குத் தோட்டத் தொழிலாளியின் வாழ்வு பொருளாகவில்லை. இலங்கை என்பது புராதன அமைதி, மாசுபடாத தீவு, பக்தியின் நிலம். இந்தச் செய்திதான் தேயிலை வாங்குவோரிடம் போய்ச் சேர வேண்டியது. சிவனொளிபாத மலையின் அடிவாரத்தில் இரத்தினபுரித் தோட்டங்கள் இருக்கின்றன. அந்தத் தோட்டங்களின் கதை அதற்குத் தேவைப்படவில்லை. அதே 1934இன் இறுதியில் கேகாலை மாவட்டத்தை மலேரியா சூறையாடத் தொடங்கியது. நாடெங்கும் பல்லாயிரவர் மாண்டனர். உலகம் கண்டது அமைதித் தீவை. மருந்தின்றிச் செத்த தீவை அன்று.

விடுதலை பெற்ற அரசு இந்தச் சித்திரத்தை உடைத்ததா? இல்லை, தனதாக்கிக் கொண்டது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களை நாடற்றோர் ஆக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் கைச்சாத்திட்ட ஒப்பந்தம் 975,000 மனிதர்களை எண்ணிப் பிரித்தது: 525,000 பேர் அங்கே, 300,000 பேர் இங்கே, மிகுதி 150,000 பேர் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று. 1967இல் இரண்டு காரியங்கள் நடந்தன. தேயிலைத் தொழிலின் நூற்றாண்டைக் கொண்டாடி அரசு அஞ்சல் தலைகள் வெளியிட்டது. அதே ஆண்டில் அந்த ஒப்பந்தத்தை நடைமுறைப்படுத்தும் சட்டமும் நிறைவேறியது. தேயிலைக்கு விழா எடுத்த கையே தேயிலைக்காரிக்குக் கப்பல் சீட்டு எழுதியது. 1990களில் புழங்கிய நூறு ரூபாய்த் தாளின் பின்புறத்திலும் கொழுந்து பறிக்கும் பெண்கள் இருந்தார்கள். அந்தத் தாளைக் கூலியாக வாங்கியோரில் பலருக்கு அப்போது இந்நாட்டின் குடியுரிமை இல்லை. அந்த வழு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் திருத்தப்பட்டது. படத்துக்கு முதலில் குடியுரிமை. படத்திலிருப்போருக்கு அரை நூற்றாண்டு கழித்து!

சிலர் நம்மைப் பார்த்துக் கேட்பர்: 'விளம்பரத்தால் தேயிலை விற்கின்றது; தேயிலை விற்றால்தானே தொழிலாளிக்குச் சோறு? அதைப் பழிப்பது அவளது வயிற்றில் அடிப்பதாகாதா?' இந்த வாதம் புதியதன்று. கங்காணியும் இதையே சொல்லியிருப்பான். விற்பனை பெருகினால் கூலி தானே பெருகும் என்பதற்கு வரலாற்றில் சான்று உண்டா? நாட் சம்பளம் ஆயிரம் ரூபாய் வேண்டும் என்று தொழிலாளர் பல ஆண்டுகள் தெருவில் நின்றனர். 2021 மார்ச்சில்தான் அது வர்த்தமானியில் ஏறியது. ஏறிய பின்னும் கம்பனிகள் நீதிமன்றப் படிகளில் ஏறின. 2022இன் பொருளாதார வீழ்ச்சி அந்த ஆயிரத்தைக் கரைத்து விட்டது. 2024இல் 1,350 ரூபாய் என்று தீர்மானமாவதற்கு மீண்டும் ஒரு போராட்டம் தேவைப்பட்டது. இந்த உயர்வுகளில் எதையும் பெட்டியிலுள்ள புன்னகை வாங்கித் தரவில்லை. புன்னகைக்க மறுத்து வீதிக்கு வந்த பெண்களே வாங்கினர்.

வேறு சிலர், 'இப்போது காலம் மாறிவிட்டது. நெறி பேணும் முத்திரைகள் வந்துவிட்டன' என்பர். ஆம், வந்துள்ளன. பச்சைத் தவளை முத்திரை உண்டு. ஓசோன் படலத்துக்குத் தீங்கற்ற தேயிலை என்ற முத்திரையும் உண்டு. காடும் வானமும் காக்கப்பட வேண்டியவை என்பதில் நமக்கு ஐயமில்லை. அவற்றின் பேரால் தோட்டத்தில் சில நன்மைகள் நிகழ்ந்திருந்தால் அவற்றையும் மறுக்கமாட்டோம். ஆனால் அந்த முத்திரைகளும் யாரை நோக்கிப் பேசுகின்றன? அன்று வாங்குபவருக்குச் சுத்தம் பற்றிய ஐயம் இருந்தது. இன்று மனச்சாட்சி பற்றிய ஐயம் இருக்கின்றது. ஐயம் மாறியது, அதைத் தீர்த்து வைக்கும் சித்திரமும் மாறியது. பறித்தவளின் அன்றைய கூலி இவ்வளவு என்று ஒரு வரி அந்தப் பெட்டியில் அச்சாகட்டும். அன்றைக்கு நாம் அதை நெறி பேணும் தேயிலை என்று ஏற்போம்.

பனி மூடிய அந்த அழகிய சரிவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2016 மே 17ஆம் நாள் அடைமழையில் கேகாலை மாவட்டத்தின் மலைகள் சரிந்தன. அரநாயக்கவில் சிங்களக் கிராமங்கள் மண்ணுள் புதைந்தன. புளத்கொஹுபிட்டியவின் களுபஹனவில் தோட்டத்து மக்களின் குடியிருப்புப் புதைந்தது. விளம்பரத்தில் சரிவு என்பது ஓர் இயற்கைக் காட்சி. அங்கே குடியிருப்பவருக்கோ, ஒவ்வொரு மழைக்காலத்திலும் தலைமேல் தொங்கும் கத்தி. பாதுகாப்பான நிலத்தில் ஒரு வீடும் அதற்கு ஓர் உறுதியும் வேண்டும் என்று தலைமுறைகளாகக் கேட்கும் மக்களின் குரலை, அந்தக் காட்சியின் அழகு மூடி மறைக்கின்றது. மண்ணோ சிங்களவர், தமிழர் என்று பார்க்கவில்லை.

இதுவரை தோட்டத்தை வெளியாருக்குக் காட்டும் படங்களைப் பார்த்தோம். தோட்டத்தை நோக்கிப் பேசும் படங்களும் உண்டு. சப்ரகமுவையின் தோட்டத்து நகரங்களில் சுவர்களைப் பாருங்கள். தோலை வெளுப்பாக்கும் களிம்பின் விளம்பரம், வெயிலில் நின்று கறுத்த பெண்ணிடம் அவளது நிறமே ஒரு குற்றம் என்று சொல்கின்றது. அடகுக் கடையின் பலகையும் நுண்கடன் நிறுவனத்தின் பலகையும் சிரித்த குடும்பத்தைக் காட்டிக் கடனை ஒரு சுதந்திரமாக விற்கின்றன. வெளிநாட்டு வேலை முகவரின் சுவரொட்டியில் ஆகாய விமானமும் வானளாவிய கோபுரமும் மின்னுகின்றன. வீட்டு வேலைக்குப் போகும் தாயின் கடவுச்சீட்டு யார் கையில் இருக்கும், அவள் பிள்ளைக்கு யார் சோறு போடுவர், சம்பளம் மறுக்கப்பட்டால் எந்த வாசலைத் தட்டுவாள் என்பவற்றை அது சொல்வதில்லை. கூர்ந்து பாருங்கள்: அந்தக் கோபுரத்தின் அடியில் தேங்காயும் மாசியும் புதைந்திருப்பதாகத்தான் அவர்களும் சொல்கின்றனர். மூதாதையைக் கடல் கடக்க வைத்த அதே சித்திரம் பேத்தியையும் கடல் கடக்க வைக்கின்றது.

அப்படியாயின் படமே பகையா? அன்று. படம் ஆயுதம், ஆயுதத்தை ஏந்தும் கை எது என்பதே கேள்வி. 1933இல் இந்நாட்டின் இளைஞர்கள் ஒரு சின்னஞ்சிறு பூவை ஆயுதமாக்கினர். போர் நினைவு நாளில் விற்கப்பட்ட பொப்பிப் பூவின் பணம் பிரித்தானியாவுக்குப் போகின்றது என்று கூறி, நமது மண்ணின் சூரியப் பூவை எதிராக விற்றனர். அந்தச் சூரியமல் இயக்கத்தவரே அடுத்த ஆண்டு மருந்துப் புட்டிகளோடு கேகாலையின் மலேரியாக் கிராமங்களுக்குள் நுழைந்தனர். சட்டையில் குத்தும் ஒரு பூ, ஒரு செய்தியாகி, செய்தி ஒரு சேவையாகி, சேவை ஓர் அரசியலாயிற்று. 1936இல் றுவன்வெல மக்கள் டாக்டர் என். எம். பெரேராவை அரசாங்க சபைக்கு அனுப்பியதற்கு அந்தச் சேவையும் ஒரு காரணம்.

தோட்டத்திலும் எதிர்ச் சித்திரங்கள் எழுந்தன. கோ. நடேசய்யர் பத்திரிகை நடத்தினார். மீனாட்சி அம்மாள் மக்களிடையே பாடிப் பிரசாரம் செய்தார். சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதிய 'இன் சிலோன்ஸ் ரீ கார்டன்' என்னும் நெடுங்கவிதை, சக்தீ பாலையாவின் தமிழில் 'தேயிலைத் தோட்டத்திலே' என்று வந்தது. ஆங்கிலேயன் பூங்காவனம் என்று காட்டிய இடத்தை, அவன் மொழியிலேயே புதைகுழி என்று காட்டிய நூல் அது. 2023இல் மலையக மக்களின் இருநூறாண்டை முன்னிட்டு, மூதாதையர் வந்த வழியே தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தோரும் ஒரு படத்தையே உலகுக்குக் காட்டினர். அதில் மக்கள் நின்று புன்னகைக்கவில்லை, நடந்தனர். பெட்டியிலுள்ள பெண் நூறாண்டாய் நிற்கின்றாள். வீதியிலுள்ள பெண் நடக்கின்றாள். இரண்டு சித்திரங்களுக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் நாம் சொல்ல விரும்புவது இதுதான். எழுத்தை வாசிக்கக் கற்பிப்பது போலவே படத்தை வாசிக்கவும் கற்பிக்க வேண்டும். அதற்குப் பெரிய கருவிகள் வேண்டா. ஒரு வெற்றுத் தேயிலைப் பெட்டியை வகுப்புக்குக் கொண்டு செல்லுங்கள். இந்தப் படத்தைப் பார்ப்பவர் யார்? இதற்குப் பணம் கொடுத்தவர் யார்? இதிலே உள்ளவர் யார், அவருக்கு என்ன கிடைத்தது? இதில் இல்லாதது எது? உன் தாய் இதைப் பார்த்தால் என்ன சொல்வாள்? இந்த ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். தோட்டத்துப் பள்ளியின் பிள்ளை கடைசிக் கேள்விக்குச் சொல்லும் விடை, எந்தப் பல்கலைக்கழகப் பேருரையினும் கனமானதாயிருக்கும். பக்கத்துச் சிங்களப் பள்ளியிலும் இதே பெட்டியை இதே கேள்விகளோடு வையுங்கள். சிற்றுடைமையாளனின் மகனும் தன் தகப்பனை அந்தப் பெட்டியில் தேடுவான், காணமாட்டான். இரண்டு வகுப்புப் பிள்ளைகளும் ஒரே இன்மையைக் கண்டுகொள்ளும் நாள், மேடைகளில் தீட்டப்பட்ட பகைமைச் சித்திரத்துக்கு இறுதி நாள்.

அதன் பின்னர் அவர்களே தீட்டட்டும். எழுதுகோலும் தூரிகையும் உண்டு. இன்று ஏறத்தாழ ஒவ்வொரு வீட்டிலும் படமெடுக்கும் கருவி ஒன்றும் உண்டு. தராசைப் படமெடுக்கட்டும். சிரட்டையில் வடியும் பாலையும் சுவர் வெடித்த லயத்தையும் சரிவின் விளிம்பில் நிற்கும் பிள்ளைக் காம்பராவையும் எடுக்கட்டும். தம் தாய்மாரின் சிரிப்பையும் எடுக்கட்டும். அவர்கள் சிரிக்காதவர்கள் அல்லர். கொழுந்து மலையில் ஒருத்தி சொன்ன கேலிக்கு மற்றவள் சிரிக்கும் சிரிப்பு, துரைக்கும் தெரியாது, விளம்பரக்காரனுக்கும் தெரியாது. அது விலைக்கு வராத சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கு உரியவளின் பெயரோடும், அவளது கூலியோடும், அவளது கோரிக்கையோடும் ஒரு படம் வெளிவரட்டும். அந்தப் படம் யாருக்காக என்று எவரும் கேட்க வேண்டியிராது.